மூன்று ஃபியூஸ் கட்டைகள்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கத்துவார்கள். வெளியே நிற்பவர்களும் ஒரே மாதிரிதான் அவசரப்படுத்துவார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் நின்று யோசிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். மற்றதை ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்துவிடுவார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவன். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் எத்தனையோ கட்டடங்களில் லிஃப்ட் ஏற்றி, இறக்கி, பழுது பார்த்து, முட்டி தேய்ந்த பிறகு வீட்டில் உட்கார்ந்தவன். எழுதிப் பழக்கமில்லை. "பேசுற மாதிரியே எழுதுங்கண்ணே, பசங்க படிப்பாங்க" என்று உங்கள் சூப்பர்வைசர் சொன்னதால் எழுதுகிறேன். மோட்டார், கயிறு, பிரேக் பற்றியெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நான் சொல்லப்போவது வேறு.

முதலில் எங்கள் செட்டில் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களோடு ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார். அவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. எப்படிப் போனது என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. லிஃப்ட் நின்றுவிட்டது என்று போனால் ஒருவர் மேலே மோட்டார் ரூமுக்குப் போவார், இன்னொருவர் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். மேலே போனவர் மெயின் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. அதிலிருக்கும் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு இறங்கி வரவேண்டும். கதவருகே நிற்கும் அந்த மனிதர் விரலில்லாத கையை நீட்டுவார். "கட்டை எங்க?" என்பார். மூன்று பீங்கான் கட்டைகளும் அந்தக் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கதவைத் தொடுவோம். கட்டையை வாங்கியவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், வேலை முடியும்வரை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். ஒருமுறை ஒரு ஜவுளிக்கடை முதலாளியே வந்து கேட்டார். "கடையைக்கூட எழுதிக் குடுங்க, கட்டையைக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் இவர்.

கரண்ட் இல்லாத நேரத்திலும் இதே கதைதான். புதிதாக வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "கரண்டே இல்லையே, எதுக்குப் பிடுங்கணும்?" என்பார்கள். அவர் கையை மட்டும் நீட்டியபடி நிற்பார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் மகள் கயல்விழிக்கு அந்தமானில் வேலை கிடைத்தது. கடற்கரைப் பக்கம் ஐந்து மாடிக் கட்டடம், நாலாவது மாடியில் ஒரு சுற்றுலா ஆபீஸ். அந்தமான் நம் ஊர் மாதிரி இல்லை. அங்கே பூமி அடிக்கடி லேசாகக் குலுங்கும். முதல் தடவை பயந்துபோய் போன் செய்தாள். அப்புறம் அவளுக்கே பழகிவிட்டது. "இன்னைக்கும் ஆடுச்சுப்பா, டீ சிந்திடுச்சு" என்பாள் சிரித்துக்கொண்டே. எனக்குத்தான் பழகவில்லை. டிவியில் கடலுக்கடியில் நில அதிர்வு என்று ஓடினாலே என் மனைவி மீனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள்.

ஒரு காலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனா சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, தலை சுத்துது. பிரஷர் மாத்திரை போட்டேனா நானு?" என்றாள். எனக்கும் என்னவோபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், காற்றே இல்லாமல் கொடியில் துணி ஆடுகிறது. குடத்துத் தண்ணீரில் அலை.

"இது பிரஷர் இல்லடி. வீடு ஆடுது."

அவள் வாயிலிருந்து வந்த அடுத்த வார்த்தை, "கயலு."

வெளியே வராண்டாவில் சத்தம். மாடிக்காரர்கள் எல்லாம் லிஃப்டைப் பார்த்து ஓடிவருகிறார்கள். நான் லிஃப்ட் வாசலில் போய்க் குறுக்கே நின்றுவிட்டேன். எதிர்வீட்டு மாமா கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். அப்போதும் அவருக்குக் கிண்டல் போகவில்லை. "என்ன காணும், ஆயுசு பூரா இந்த லிஃப்டைக் கட்டிண்டு அழுதீர், இப்போ ஏறப்படாதுங்கறீரே?"

"படியில போங்க மாமா. பெருமாள் காலு குடுத்திருக்காருல்ல."

அவர் இறங்கிப் போனார். ஆட்டம் அதற்குள் நின்றுவிட்டது. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது ஆட்டத்தின் வால்தான். தலை எங்கே என்று நினைத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

வீட்டுக்குள் என் போன் அடித்தது. கயல்.

"ப்பா, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

எத்தனையோ பேரிடம் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். "பயப்படாதீங்க, உள்ளேயே இருங்க" என்று வாய் தானாகச் சொல்லும். அன்றைக்கு வாய் வரவில்லை. மீனா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

கயல் சொன்னது இதுதான். தரைத்தளத்தில் லிஃப்டில் ஏறியிருக்கிறாள். கூட ஒரு வடநாட்டு அம்மா, அவள் இடுப்பில் ஒரு சின்னக் குழந்தை. கிளம்பிக் கொஞ்சம் ஏறியதும் கட்டடம் குலுங்கியது, கரண்ட் போனது, லிஃப்ட் அந்தரத்தில் நின்றுவிட்டது. வெளியே ஆட்கள் கதவை நெம்பித் திறந்துவிட்டார்கள். லிஃப்டின் தரை அவர்களுடைய நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. மேலே ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இடைவெளி.

"குழந்தையை முதல்ல குடு, குடுன்னு கையை நீட்டுறாங்கப்பா. கடல் உள்ள வாங்கியிருக்கு, திரும்பி வரும்னு மைக்ல சொல்லிக்கிட்டே போறாங்க. எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்றாங்க. நான் குழந்தையைக் குடுத்துட்டு குதிச்சிடறேன்ப்பா."

"குதிச்சிடு" என்றாள் மீனா.

"வேண்டாம்" என்றேன் நான்.

பிள்ளைகளே, நீங்கள் இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தாலே அந்த இடைவெளியை நன்றாகத் தெரிந்துகொள்வீர்கள். பாதி உடம்பு வெளியே, பாதி உடம்பு உள்ளே இருக்கும் அந்தச் சில நொடிகளில் லிஃப்ட் நகர்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதமாட்டேன். என் மகளும் ஒரு நாள் இதைப் படிப்பாள். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் குலுங்கி முடித்த கட்டடம், நெம்பித் திறந்த கதவு, யார் எந்த ஒயரை எதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாத லிஃப்ட்.

"கரண்ட் இல்லையேப்பா" என்றாள் கயல், நான் நினைப்பதைப் புரிந்துகொண்டு.

"ஜெனரேட்டர் இருக்கா?"

"இருக்கு. அதுவா ஸ்டார்ட் ஆகும். இப்ப முக்கிக்கிட்டே இருக்கு, பின்னாடி யாரோ போய்ப் பார்க்கறாங்க."

 இருட்டில் மாட்டியவர்களைக் காப்பாற்ற யாரோ ஒரு நல்ல மனிதர் அந்த ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறார். அவர் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது?

"உங்க சட்டமெல்லாம் அப்புறம் வச்சுக்கங்க" என்று மீனா என் சட்டையைப் பிடித்தாள். "கடல் வருதுங்கறா. புள்ளைய வெளிய வரச் சொல்லுங்க!"

அந்த நேரத்தில் அவள் சொன்னதில் தப்பே இல்லை. தண்ணீர் வந்தால் முதலில் நிரம்புவது லிஃப்டுக்குக் கீழே இருக்கும் குழிதான். சீக்கிரம் வெளியே எடுப்பதிலும் உயிர் இருக்கிறது, எடுக்காமல் இருப்பதிலும் உயிர் இருக்கிறது. எது பெரியது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் நம் பக்கத்து ஆள், தொட்டியம் ஊர்க்காரர் என்று கயல் முன்பே சொல்லியிருந்தாள். அவருடைய நம்பரைக் கேட்டு வாங்கி, மீனாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். ஒரு போனில் மகள், ஒரு போனில் அவர்.

"தம்பி, நான் கயல்விழி அப்பா. லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டதாங்க. மொட்டை மாடியில இருக்கு ரூம்பு. கரண்டே இல்லீங்களே ஐயா, எதை நிறுத்துறது?"

"அந்த ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு முதல்ல சொல்லுங்க."

அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கத்துவது கேட்டது. "கத்திட்டேங்க. யாரு காதுலயும் விழல. ஊரே ஓடுது."

"சரி. அது நின்னாலும் லைன்ல எப்ப கரண்ட் வரும்னு தெரியாது. நீங்க மேல போய் மெயினை நிறுத்தி, அதுல மூணு ஃபியூஸ் கட்டை இருக்கும், மூணையும் பிடுங்கணும்."

அவருக்குப் பின்னால் ஓட்டமும் கூச்சலும் மைக் சத்தமும் கேட்டன. பிறகு கேட்டார்.

"ஐயா, ஐஞ்சு மாடி ஏறணும். மறுபடியும் ஆடினா? எனக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இந்த இடத்தைத்தான். மீனா என் முகத்தையே பார்க்கிறாள். இன்னொரு போனில் குழந்தை வீறிட்டு அழுகிறது. "ஒண்ணும் ஆகாது, போங்க" என்று சொல்ல இரண்டு நொடி போதும். ஆனால் அவர் நம் வேலைக்காரர் இல்லை. லிஃப்டுக்காக அவர் சம்பளம் வாங்கவில்லை. அவரையும் யாரோ பெற்றிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் தூண் எப்படி நிற்கிறது என்று ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன தெரியும்?

"தெரியாது தம்பி" என்றேன். "நிஜமாவே தெரியாது. வேண்டாம்னு தோணிச்சுன்னா போகாதீங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

மீனா என் சட்டையை விட்டுவிட்டாள்.  திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுமுனையில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. படியில் ஏறும் சத்தமா, ஓடிப்போகும் சத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும் சத்தமும் சேர்ந்துகொண்டது. ஏறுகிறார்.

நான் இந்தப் பக்கம் கயலிடம், "யார் கையை நீட்டினாலும் குழந்தையைக் குடுக்காத. அந்தம்மாவைப் பின்னால சுவரோரம் உட்காரச் சொல்லு" என்றேன். அந்த அம்மா இந்தியில் கயலைத் திட்டுவது எனக்கே கேட்டது. என் பிள்ளையை நிறுத்தி வைக்க நீ யார் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று மொழி தெரியாமலே புரிந்தது. கயலுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு நின்றாளாம். பிறகு சொன்னாள்.

அப்போதுதான் வாட்ச்மேனின் போனில், "ஐயா, ஆடுது" என்று கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"மூணாவது மாடிப் படி."

"உட்காந்துடுங்க. தலையை மறைச்சுக்கங்க. கைப்பிடியை விடாதீங்க."

இன்னொரு போனில் இரும்பு உரசும் சத்தமும் மூன்று பேரின் அலறலும். எங்கள் வீட்டுக் கொடித்துணி இந்த முறை ஆடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது, தெருவில் பூக்காரம்மா கூவிக்கொண்டு போகிறாள். போனுக்குள் மட்டும் ஒரு ஊர் இடிந்துகொண்டிருப்பதுபோல் கேட்கிறது.

அடங்கியது. "இறங்கிடுங்க தம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செருப்புச் சத்தம் மறுபடி தொடங்கிவிட்டது. அது மேலேதான் போனது.

பூட்டைத் திறக்கும் சத்தம். "இருட்டா இருக்குய்யா." போன் வெளிச்சத்தைப் போடச் சொன்னேன். சுவரில் இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி, அதைக் கீழே இழுக்கச் சொன்னேன். இழுத்தார். மூடியைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன்.

"ஆச்சுங்க."

ஆச்சு என்றால் எப்படி நம்புவது? கை நீட்டி வாங்க முடியாது. விரலில்லாத அந்தக் கை என் கண் முன்னால் வந்து நின்றது.

"தம்பி, கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டிக் காட்டுங்க. என் காதுக்குக் கேட்கணும்."

"என்ன ஐயா, ஆட்டம் காட்டுற நேரமா இது?" என்றார். ஆனாலும் தட்டினார். டக். டக். பீங்கானும் பீங்கானும் மோதும் சத்தத்தை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

"மூணாவது?"

டக்.

"மூணையும் சட்டைப் பையில போடுங்க. நான் சொல்ற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க. ஓனரே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. நீங்க இறங்க வேண்டாம். தண்ணி வந்தா மேலதான் நல்லது."

"சரிங்க."

கயலிடம், "இப்ப வா. கீழ குழிக்குக் குறுக்க மேஜையைப் போடச் சொல்லு. குழந்தை முதல்ல, அப்புறம் அந்தம்மா, அப்புறம் நீ" என்றேன். வெளியே இருந்தவர்கள் செக்யூரிட்டி மேஜையை இழுத்துப் போட்டார்கள். குழந்தை இறங்கியது. அந்த அம்மா இறங்கினாள். "நான் இறங்கப் போறேன்ப்பா" என்று கயல் சொன்ன அதே நேரம், பின்னால் எங்கேயோ கடகடவென்று ஒரு சத்தம் எழுந்து சீரானது.

"லைட் வந்துடுச்சுப்பா. வெளிய லைட் வந்துடுச்சு."

ஜெனரேட்டர்.

"லிஃப்டுக்குள்ள?"

"இல்ல. இருட்டுதான். அசையல."

"இறங்கு."

பிறகு இரண்டு போனும் செத்துவிட்டன. அந்தப் பக்கம் டவரே போய்விட்டது.

அந்தப் பகலை என்னால் எழுத முடியாது. டிவியில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மீனா கோயில் இருக்கும் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தாள். "தெரியாதுன்னு சொன்னீங்களே. அவரு போகாம இருந்திருந்தா?" நான் மறுபடியும் அந்த இரண்டு நம்பரையும் அடித்துப் பார்த்தேன்.  

சாயங்காலம் யாருடைய போனிலிருந்தோ கயல் பேசினாள். மேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. கடல் ரோடு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டது. மீனா அப்போதுதான் அழுதாள். எனக்கு அடுத்த கவலை தொடங்கியது. "வாட்ச்மேன் எங்கம்மா?" அவளுக்குத் தெரியவில்லை. அவர் இறங்கி வந்ததை யாரும் பார்க்கவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, அவர் இரவு முழுக்க மொட்டை மாடியிலேயே இருந்திருக்கிறார். இறங்க வேண்டாம் என்று நான் சொன்னேனாம், இறங்கச் சொல்லிப் போன் வரவில்லையாம்.

அந்த லிஃப்ட் நகர்ந்திருக்குமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கயலும் கேட்டாள். கட்டை போட்டிருந்தால்தானே தெரியும்? நகராமலே இருந்திருக்கலாம். நாம் செய்கிற காரியத்தில் பாதிக்கு, செய்தது தேவைதானா என்று கடைசிவரை தெரியாது. அதைத் தாங்கிக்கொள்ளவும் பழகவேண்டும்.

சில மாதம் கழித்து அந்த மனிதர் லீவில் ஊருக்கு வந்தார். தொட்டியத்திலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து, கீழே நின்று போன் செய்தார். லிஃப்டில் வரச் சொன்னேன். "நான் படியிலயே வரேங்க" என்றார். சரி என்று நானும் தேய்ந்த முட்டியோடு கீழே இறங்கிப் போய் அவரோடு படியேறினேன். நான் நினைத்ததைவிட வயதில் பெரியவர். தலை பாதி நரைத்திருந்தது. தம்பி தம்பி என்று கூப்பிட்டது வெட்கமாக இருந்தது.

இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டேன். "அன்னைக்கு நான் தெரியாதுன்னு சொன்னேன். அதுக்கப்புறமும் ஏன் போனீங்க?"

உண்மையைச் சொன்னதால் போனேன் என்று சொல்வார் என்று எனக்குள் ஒரு நப்பாசை. உங்களுக்கு நல்ல பாடமாக எழுதலாமே.

"கீழ நின்னா தண்ணி, மேல போனா ஆட்டம்" என்றார். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"தொட்டியத்துக்காரரு, காவிரிக் கரையில பொறந்துட்டு நீச்சல் தெரியாதா?"

"கரையில வாழைதாங்க இருந்துச்சு, எங்கப்பா தண்ணிப் பக்கமே விடல" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் புள்ளை அழுகைய கேட்டுக்கிட்டு எங்கீங்க ஓடுறது?" என்றார்.

வீட்டில் மீனா அவருக்கு இலை போட்டாள். அவர் உட்காரவில்லை. கொண்டு வந்த மஞ்சள் பையைத் திறந்தார். ஊர் வாழைப்பழம் என்று நினைத்தேன். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தால், மூன்று ஃபியூஸ் கட்டைகள்.

"என்னங்க இது?"

"நீங்கதானே சொன்னீங்க, சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் குடுக்காதீங்கன்னு. அப்புறம் நீங்க சொல்லவே இல்லியே. ஓனரு கேட்டாரு, லிஃப்ட் கம்பெனிக்காரங்க கேட்டாங்க, கத்துகத்துன்னு கத்தினாங்க. குடுக்கல. புதுசு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க."

அந்த நாளுக்குப் பிறகு அவருடன் பேச எத்தனையோ முறை வாய்ப்பு இருந்தது. நன்றி சொன்னேன், நலம் விசாரித்தேன். கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவர் அதை இத்தனை நாளும் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். கடல் தாண்டி, பஸ் மாறி, மூன்று மாடிப் படியேறி.

எங்கள் செட்டில் நான் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தவன்தான். கை நீட்டி நின்றவன் இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக, எல்லா விரலும் இருக்கிற என் கையை நீட்டினேன்.

"குடுங்கண்ணே" என்றேன்.

ஒவ்வொன்றாக வைத்தார். மூன்றாவதையும் வைத்துவிட்டு, சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தார்.